கஜலட்சுமிப் பலகை: சிலிகான் அச்சுக்கு முன் ஒரு பழைய தேக்கு மேற்பரப்பைத் தயார்செய்த நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது, தலைவாசல் நிலையின் மேலிருந்த கஜலட்சுமிப் பலகையை மட்டும் அந்தக் குடும்பத்தார் விற்காமல் வைத்துக்கொண்டனர். உடன்பிறந்தோர் நால்வர், பலகையோ ஒன்று. மூலப்பலகை மூத்த சகோதரியிடம் இருக்கட்டும், மற்ற மூவருக்கும் அதன் படிகளை (நகல்களை) வார்த்துக் கொடுக்கலாம் என்று முடிவாகி, அச்செடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்த வேலையில் மேற்பரப்பைத் தயார்செய்த பகுதியை மட்டும் இங்கே விரிவாகப் பதிவுசெய்கிறேன். குழம்பாக ஊற்றினால் ரப்பர்போல் உறைந்து அச்சாகும் சிலிகானைக் கலப்பதும் ஊற்றுவதும் பயிற்சி உள்ள எவரும் செய்யக்கூடியவை. அச்சு நன்றாக வருமா, மூலம் பழுதில்லாமல் திரும்புமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

சிலிகான் தான் தொடும் பரப்பை அப்படியே பதிவுசெய்யும். உளித்தடத்தையும் பதியும், அதன்மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் பதியும், நாம் பூசிய பூச்சில் தூரிகை விட்டுச் சென்ற கோட்டையும் பதியும். பரப்பு பளபளத்தால் அச்சும் பளபளக்கும். ஆகவே மேற்பரப்பைத் தயார்செய்வது என்பது, படியில் எது வரவேண்டும், எது வரக்கூடாது என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் தீர்மானிப்பதாகும். தூய்மைசெய்தல் அந்தத் தீர்மானத்தில் ஒரு பாதிதான். மறுபாதி, எங்கே கையை நிறுத்துவது என்பது.

பலகை வந்த நிலை

ஏறத்தாழ மூன்று அடி நீளம், ஓர் அடி உயரம். நடுவில் தாமரையின் மேல் அமர்ந்த திருமகள், இருபுறமும் துதிக்கையில் கலசம் ஏந்திய யானைகள், சுற்றிலும் கொடிக்கருக்கு ஓடும் கரைப்பட்டை. செதுக்கலின் ஆழம் சில இடங்களில் இரண்டு அங்குலத்தை எட்டியது. வீடு இடிபட்ட பிறகு பலகை சில ஆண்டுகள் ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக் கிடங்கில் கிடந்திருக்கிறது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் வழிபாட்டில் இருந்திருக்கிறது. இந்த இரண்டு வாழ்க்கையும் பரப்பின் மீது அடுக்கடுக்காகத் தெரிந்தன.

எல்லாவற்றுக்கும் அடியில் விளக்குப் புகையும் நல்லெண்ணெயும் சேர்ந்து இறுகிய கருமை. அதன்மேல் மஞ்சள், சந்தனம், குங்குமம். பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பு, கொடிக்கருக்கின் பள்ளங்களில் கல்லாகிக் கிடந்தது. கரைப்பட்டைக்கு மட்டும் யாரோ ஒருகாலத்தில் பழுப்பு நிறப் பாலிஷ் அடித்திருந்தார்கள். அது ஆங்காங்கே செதிலாக எழும்பியிருந்தது. மாவிலைத் தோரணம் கட்ட அடித்த இரும்பாணிகள் துருப்பிடித்து, தம்மைச் சுற்றித் தேக்கில் கருநீல வளையம் இட்டிருந்தன. பலகையின் நடுவே, வலப்புற யானையின் முதுகு வழியாக, ரேகையோடு ஓடும் ஒரு வெடிப்பும் இருந்தது.

இவற்றைக் காட்டிலும் என்னைக் கவலைப்படுத்தியது வலது கீழ்மூலை. எனக்கு முன் ஒருவர் அந்த இடத்தில் சோதனை அச்சு எடுக்க முயன்றிருக்கிறார். பள்ளங்களை அடைக்க எண்ணெய்க் களிமண்ணை வைத்து, மரத்தின் மேல் வேறு எந்தப் பூச்சும் இன்றி, பிளாட்டினம் வினையூக்கியால் உறையும் வகைச் சிலிகானைத் தடவியிருக்கிறார். எண்ணெய்க் களிமண் வகைகள் சிலவற்றில் கந்தகம் உண்டு. கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். அமீன்களும், டின் சேர்மங்களும், இயற்கை ரப்பர் கையுறையும்கூட இதே கேட்டைச் செய்யவல்லவை. களிமண்ணைத் தொட்ட இடங்களில் சிலிகான் உறையவே இல்லை. உறையாத அந்தக் குழம்பு, திறந்து கிடந்த தேக்கின் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. விரல் வைத்தால் ஒட்டியது. சுற்றிலும் மரம் ஈரம் பட்டதுபோல் இருண்டிருந்தது.

காத்திருத்தல்

வந்த பலகையை உடனே தொடவில்லை. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மழையிலும் மூடுபனியிலும் இருப்பது. சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே, வெயில் காய்கிற ஊர். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிய மரம் தன் ஈரத்தைச் சிறுகச் சிறுக விடத் தொடங்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். 50 விழுக்காடு ஈரப்பதத்தில் அது 9 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும். இந்த இடைவெளியில் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், வெடிப்பு அகலும். அது நடந்துகொண்டிருக்கும்போதே மேலே பூச்சுப் போட்டால் பூச்சு பிளக்கும், பிளவு வழியே சிலிகான் உள்ளே போகும்.

பலகையைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படாத அறையில் இரண்டு கட்டைகளின்மேல் வைத்து, அவ்வப்போது தராசில் ஏற்றிப் பார்த்தோம். எடை குறைவது நின்ற பிறகே வேலையைத் தொடங்கினேன். தோட்டத்திலேயே வைத்துச் செய்திருக்கலாமே என்று தம்பிமாரில் ஒருவர் கேட்டார். அச்சுக்கு முன் மரத்துளைகளை அடைக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூச வேண்டியிருந்தது; ஈரக்காற்றில் அந்தப் பூச்சு உலரும்போது ஆவியாகும் ஸ்பிரிட் பரப்பைக் குளிரவைத்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, வெண்மையாய்ப் பூத்துவிடும். ஏற்காட்டு மழைக்காலத்தில் அதைத் தவிர்ப்பது கடினம்.

தூய்மைசெய்ததும் செய்யாமல் விட்டதும்

முதலில் உலர்ந்த மென்தூரிகை. தூசியை ஈரத்தோடு தொட்டால் அது சேறாகித் துளைக்குள் ஏறும். அடுத்துச் சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பால் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகியிருப்பதால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். பலரும் அதைத்தான் செய்வார்கள். இந்தப் பலகையில் அதை நான் ஏற்கவில்லை. அமிலம் ஆணியின் இரும்பைக் கரைத்து மரத்துக்குள் பரப்பும், மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு அது சேர்ந்து கருங்கறையைப் பெருக்கும். ஆகவே மூங்கில் சீவலைக் கூராக்கி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, சுண்ணாம்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்தோம். மூங்கில் சுண்ணாம்பை எழுப்பும், தேக்கைக் கீறாது. எஃகு ஊசியை மேசையிலேயே வைக்கவில்லை. பக்கத்தில் இருந்தால் பொறுமை குறையும் நேரத்தில் கை அதைத் தேடும்.

புகையும் எண்ணெயும் இறுகிய கருமைக்கு மினரல் டர்பன்டைன் நனைத்த பஞ்சை உருட்டி எடுத்தோம். தேய்க்கவில்லை, உருட்டினால் அழுக்கு பஞ்சில் ஏறும், தேய்த்தால் அது பள்ளத்துக்குள் தள்ளப்படும். மஞ்சளும் சந்தனமும் டர்பன்டைனுக்கு மசியாது என்பதால், நன்றாகப் பிழிந்த ஈரப்பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றினோம். தண்ணீர் அதிகமானால் மரத்தின் நார் எழும்பி நிற்கும். எழுந்த நாரைச் சிலிகான் பிடித்துக்கொள்ளும். கருமை அகன்றபோது திருமகளின் கண்ணிமைக் கோடும், யானை நெற்றிப்பட்டத்தின் மணிவரிசையும் வெளிவந்தன. அவற்றைக் குடும்பத்தில் எவரும் அதுவரை பார்த்ததில்லை.

பாதம் மட்டும் வேறு கதை. திருமகளின் பாதங்கள்மேல் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து தடித்த மேலோடாகி, விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அச்செடுப்பவனின் பார்வையில் அது அகற்றப்பட வேண்டியது: எண்ணெய் கசியும், நிறம் சிலிகானில் ஏறும், கட்டி கட்டியான அதன் வடிவம் படியில் அசிங்கமாக விழும். மூத்த சகோதரியான அம்மையார் பலகையை ஒப்படைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எல்லாம் தொடைச்சுக்கங்க தம்பி, பாதத்துல இருக்கற குங்குமத்த மட்டும் எடுத்துராதீங்க. அது எங்கம்மா கையால வெச்சது."

இந்த வேண்டுகோளை ஒரு தடையாக எண்ணாமல் வேலையின் அளவுகோல்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மூலப்பொருள் அச்சுக்காக இருப்பதில்லை. குங்கும மேலோட்டின்மேல் அரக்கு பூசினால் அது நிரந்தரமாக உள்ளே சிறைப்பட்டுவிடும் என்பதால் அதையும் தவிர்த்தேன். மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை அந்த இடத்தின்மேல் படியவைத்து, அதன்மேல் தேன்மெழுகுத் தகட்டைப் பரப்பினோம். தம்மம்பட்டியைச் சேர்ந்த மரச்சிற்பி ஒருவரை வரவழைத்து, அந்த மெழுகில் பாதங்களைச் செதுக்கச் சொன்னோம். அவர் கைகளின் அளவையும் முகத்தின் நீளத்தையும் விரலால் அளந்து, அந்த விகிதத்திலிருந்து பாதத்தின் அளவை எடுத்துக்கொண்டு, ஒரே அமர்வில் விரல்களையும் சிலம்பையும் மெழுகில் எழுப்பினார். அச்சில் பதிந்தது அவர் செய்த பாதம். குங்குமம் அதன் அடியில் தொடப்படாமல் இருந்தது.

பூச்சு

மரம், சுதை, மாவுக்கல், கருங்கல் எதுவானாலும் துளையுள்ள பரப்பின்மேல் சிலிகானை நேரே ஊற்றினால் இரண்டு கேடுகள் நேரும். துளைக்குள் இறங்கி உறைந்த சிலிகான், அச்சை உரிக்கும்போது நாரையோ துகளையோ பிடுங்கிக்கொண்டு வரும். சிலிகானில் கட்டுப்படாமல் இருக்கும் எண்ணெய் மூலத்துக்குள் ஊறி நீங்காத இருளை உண்டாக்கும். துளையை அடைக்கும் பூச்சு ஒன்று இடையில் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பூச்சும் உளித்தடத்தின் ஓரத்தைச் சிறிது மழுக்கும். எத்தனை பூச்சு என்ற கேள்வி இவ்வேலையின் மையம்.

மெழுகு நீக்கிய அவலரக்கைத் (அவல்போன்ற செதில்களாகக் கிடைக்கும் அரக்கு) தேர்ந்தேன். தேக்கு இயல்பிலேயே எண்ணெய்ப்பசை உள்ள மரமாதலால் பல பூச்சுகள் அதில் சரியாகப் பற்றாது, அரக்கு பற்றும். மேலும் அது ஸ்பிரிட்டில் எந்நாளும் திரும்பக் கரையும், டர்பன்டைனில் கரையாது. இந்தக் கடைசிக் குணம் பெரிய வசதி: அதன்மேல் மெழுகைத் தடவலாம், பின்னர் டர்பன்டைனால் மெழுகை மட்டும் எடுத்துவிடலாம், அரக்கு அசையாது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் என்ற நீர்த்த கரைசலாக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினோம். சித்திரை வெயிலில் ஸ்பிரிட் தூரிகையிலேயே உலர்ந்து கோடுபோடும் என்பதால் பூச்சு வேலை விடியற்காலையில் மட்டும் நடந்தது.

கரைப்பட்டையின் பழைய பாலிஷை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றியபோது பஞ்சு பழுப்பானது. அதுவும் அரக்குப் பாலிஷ்தான். புதுப்பூச்சின் ஸ்பிரிட் அதையும் இளக்கும், தூரிகையை இழுத்தால் குழம்பிவிடும். அந்தப் பகுதியில் தூரிகையை ஓட்டாமல் ஒற்றி ஒற்றி வைத்தோம். இளகிய பழைய செதில்கள் மரத்தோடு படிந்துவிட்டது எதிர்பாராத நன்மை. அப்படிப் படியாவிட்டால் அவை சிலிகானோடு பெயர்ந்து வந்திருக்கும்.

வலது கீழ்மூலையில்தான் உண்மையான போராட்டம். உறையாத சிலிகானை மூங்கிலால் வழித்து, டர்பன்டைன் பஞ்சால் பலமுறை ஒற்றியெடுத்து, பரப்பு கைக்கு உலர்ந்ததாகத் தோன்றிய நிலையில் முதல் பூச்சை வைத்ததும், அரக்கு அங்கே பரவ மறுத்துச் சிறு வட்டக் குழிகளாக ஒதுங்கியது. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். பரப்பில் சிலிகான் எண்ணெய் மிச்சமிருப்பதன் குறி அது. கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத அளவுகூடப் போதும். அந்த மூலையின் அரக்கை ஸ்பிரிட்டால் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுப்பஞ்சு என்ற கண்டிப்போடு மீண்டும் டர்பன்டைன் கொடுத்தோம். ஒருமுறை எண்ணெயைத் தொட்ட பஞ்சு அடுத்த இடத்துக்கு அதைக் கொண்டுபோகும் வாகனமாகிவிடும். அதன்பின் அரக்கைத் தூரிகையால் வைக்காமல், மிக மெல்லிய தூவலாகத் தெளிப்பானில் அடித்து, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக ஏற்றினோம். குழிகள் மூடின.

இதே காரணத்தால், பழைய மூலப்பொருள்களின்மேல் சிலிகான் ஸ்பிரேயைப் பிரிபூச்சாக (அச்சு ஒட்டாமல் பிரிந்துவர இடும் பூச்சு) அடிப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அச்சு எளிதாகக் கழன்று வரும். ஆனால் அந்தப் பொருளுக்கு இனி யாராவது பாலிஷோ நிறமோ பூச முயன்றால் அது அவர்கள் கையில் ஒதுங்கும்.

பூச்சு போதுமா என்று அறிய ஒரு சொட்டு டர்பன்டைன் வைத்துப் பார்த்தோம். தண்ணீர்ச் சொட்டு நம்பத்தக்கதன்று; எண்ணெய்ப்பசையுள்ள தேக்கு பூச்சே இல்லாமலும் தண்ணீரை நிறுத்திக்காட்டும். டர்பன்டைன் மரத்துக்குள் போனால் அந்த இடம் சட்டென்று இருளும். பலகையின் முகப்பில் இரண்டு பூச்சுகளிலேயே சொட்டு நின்றது. குறுக்குவெட்டு முகங்களில், அதாவது யானையின் துதிக்கை நுனி, தாமரை இதழ்களின் முனை, பலகையின் இரு பக்கங்கள் ஆகியவற்றில் சொட்டு மறைந்துகொண்டே இருந்தது. மரத்தின் குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. அந்த இடங்களுக்கு மட்டும் சிறு தூரிகையால் கூடுதல் பூச்சு கொடுத்து, முகப்பை அப்படியே விட்டோம். முழுப் பலகைக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு என்று வைத்திருந்தால் கண்ணிமைக் கோடு போயிருக்கும்.

பிரிபூச்சாகக் கார்னாபா மெழுகுப் பசையை மிகச் சிறிதளவு தடவி, மென்மையான புருசால் துலக்கியெடுத்தோம். வாசலினும் வேலை செய்யும், ஆனால் பள்ளங்களில் தேங்கிய வாசலின் படியில் வழுவழுப்பான மேடாக விழும்.

பள்ளங்களும் வெடிப்பும்

யானைத் துதிக்கைக்கும் கலசத்துக்கும் இடையிலுள்ள துவாரம், கொடியின் அடிக்குடைவுகள், நடு வெடிப்பு, ஆணித்துளைகள் ஆகியவற்றை அடைக்கத் தேன்மெழுகையே பயன்படுத்தினோம். வெடிப்பை மேல்மட்டம் வரை நிரப்பாமல் ஒரு நூல் அளவு தாழ்த்தி நிரப்பினேன்; படியிலும் அந்த வெடிப்பின் கோடு தெரியவேண்டும் என்பது உடன்பிறந்தோரின் ஒருமித்த விருப்பம்.

சிலிகானில் டின் சேர்மத்தால் உறையும் வகையைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்த வலது மூலைதான். மரத்துக்குள் கந்தகம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்க வழியில்லாதபோது, அதற்கு அஞ்சாத வகையைத் தேடுவது முறை. டின் வகை பிளாட்டினம் வகையைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். அரை விழுக்காடு என்று கொண்டாலும் மூன்றடிப் பலகையில் நான்கரை மில்லிமீட்டர். படிகள் எந்த நிலைக்குள்ளும் பொருத்தப்படப் போவதில்லை என்பதால் அது பொருட்டன்று. அதன் ஆயுள் குறைவு என்பதும் மூன்று படிகளுக்குக் குறையாகாது.

முழு அச்சுக்கு முன், அதே கலவையில் பத்து ரூபாய் நாணய அளவு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம்: பலகையின் பக்கவாட்டுக் குறுக்குவெட்டு, கரைப்பட்டை, வலது மூலை. மூன்றிலும் சிலிகான் உறைந்தது. குறுக்குவெட்டில் உரித்தபோது மட்டும் அதன் அடியில் மயிரிழை போன்ற நார்கள் இரண்டு மூன்று ஒட்டிவந்தன. அங்கே இன்னொரு பூச்சும் மெழுகும் ஏற்றி, மறுபடி வைத்து, வெறுமையாக வந்ததைக் கண்ட பிறகே முழு அச்சுக்கான சிலிகானின் முதல் தடவலைத் தொடங்கினோம்.

அச்சில் கண்டவை

அச்சு இழுவையின்றிக் கழன்றது. உட்புறத்தில் உளியின் ஒவ்வொரு வாய்த்தடமும், தேக்கின் ரேகையும், வெடிப்பின் கோடும் இருந்தன, கண்ணிமை இருந்தது. கரைப்பட்டையின் இடப்பக்கத்தில் ஒற்றல் பூச்சின் மெல்லிய புள்ளித்தடம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. வலது மூலையில் தூவல் பூச்சுகள் ஏறியதால் இரண்டு இலைகளின் நரம்பு மழுங்கியிருந்தது. மரத்தூள் கலந்த ரெசினில் வார்த்த மூன்று படிகளிலும் தம்மம்பட்டிச் சிற்பி அந்த நரம்புகளைச் சீவுளியால் மீண்டும் கீறிக் கொடுத்தார்.

மூலப்பலகையிலிருந்து மெழுகை டர்பன்டைனாலும், அரக்கின் மேற்படலத்தை ஸ்பிரிட் பஞ்சாலும் எடுத்தோம். துளைகளுக்குள் போன அரக்கு முழுவதும் வராது. இதை வேலைக்கு முன்பே குடும்பத்தாரிடம் சொல்லி, அவர்களின் ஒப்புதலைப் பெற்றிருந்தேன். பாதத்தின்மேலிருந்த படலத்தை மெழுகோடு தூக்கியதும் குங்குமம் உதிராமல் இருந்தது. வலது மூலையின் இருள் மட்டும் போகவில்லை, போகவும் போகாது. அந்த மூலையில் இனிப் பாலிஷ் ஏற்ற நினைக்கும் தச்சர் முதலில் அரக்கைத் தூவலாக அடித்தே தொடங்க வேண்டும் என்று எழுதி, பலகையின் பின்புறத்தில் ஒட்டி அனுப்பினேன்.